அண்ட், ஓர், நொட்

சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு
வாட்டிலிருந்து போன் எடுத்தார் டொக்டர் வாகீசன்.
தாவடி வெங்காயத் தோட்டம், வலது கால் பெருவிரல்,
சுருட்டைதான், ஐமிச்சமில்லை.
"ஆனா சலம் போகேல்லை, மிஸ்.
இப்பிடி முன்னம் ஆரும் எழுதியிருக்கினமோ?
நாலரைக்குள்ள வேணும்."

மருத்துவ பீட நூலகத்தில் அன்றைக்கு
நானும் ஒரு மின்விசிறியும்.

அவசரத்தில் பாம்பு என்று மட்டும் தட்டினேன்.
(இங்கிலீசில்தான். உங்களுக்குத் தமிழில் சொல்கிறேன்.)
எண்பத்தோராயிரம்.
பாம்பின் முதுகெலும்பு, பாம்பெண்ணெய்,
பாம்பைக் கனவில் கண்டு வியர்த்தவர்கள்.

எங்கள் இலக்கணத்தில் உம் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொள்ளும்:
பாம்பும் சிறுநீரகமும்.
இந்தப் பெட்டிக்கு ஒட்டத் தெரியாது,
நடுவில் ஒரு ஆள் நிற்கவேணும்
கலியாணத் தரகர் மாதிரி.

அண்ட்.
அண்டு என்றுதான் எனக்குக் கேட்கும்.
கிட்ட வா.
இரண்டும் அண்டுகிற இடம் மட்டும் மிச்சம்,
ஆயிரத்து அறுநூறு.
மிஞ்சி அண்டினாலும் கரைச்சல்:
பிறேமினி மணமகன் தேடும் தளத்தில்
எஞ்சினியர் அண்ட் கனடா அண்ட் சைவம் அண்ட் செவ்வாய் என்று
அடுக்கிக்கொண்டே போய்ப் பூச்சியம் எடுத்தாள்.
பூச்சியத்தைப் பார்த்து
"அப்பாடா" என்றாள்.

ஓர்.
எங்களுக்கு ஒன்று. அதற்கோ
எது வந்தாலும் சரி.
இந்த ஊருக்குத்தான் எத்தனை எழுத்துக்கூட்டு:
யாழ்ப்பாணம், ஜஃப்னா, யாழ்ப்பாணப்பட்டினம், யாபனய,
கப்பலில் வந்தவர்கள் நாக்குப் புரளாமல் எழுதிவைத்தவை வேறு.
எல்லாரையும் ஒரே அடைப்புக்குறிக்குள் இருத்தி
இடையிடையே ஓர், ஓர், ஓர்.
குறியை மூட மறந்தால்
படலை திறந்த ஆட்டுக்கொட்டில்,
பிற ஊர் ஆடெல்லாம் உள்ளே நிற்கும்.
சுருட்டைக்கும் லத்தீனில் ஒன்று, மற்றதில் மூன்று பெயர்.
இருபத்துமூன்று.

அதில் முக்கால்வாசி நாகம்.
நாகத்தை வைத்து நான் இப்போது என்ன செய்ய?

நொட்.
நொட்டை பிடிக்கிற சொல்.
நொட் நாகம் என்று தட்டினேன்.
ஆறு.
ஆறையும் வாசித்தேன். ஆறிலும்
எல்லாருக்கும் சலம் போயிருந்தது.

நாலு பத்துக்குக் கரண்ட் நின்று வந்தது.
பெட்டி ஒன்றும் தெரியாத முகத்தோடு எழும்பியது.
திரும்ப அடித்தபோது நொட் விடுபட்டுப் போனது,
கெட்டித்தனத்தால் இல்லை, பதகளிப்பில்.

பதினோராவதாக ஒரே ஒரு பக்கம்,
ஊர்காவற்றுறையிலிருந்து யாரோ எழுதிய குறிப்பு,
சரிவாக ஸ்கான் பண்ணியது:
பாம்பைப் பால்மாப் பேணியில் உறவினர் கொண்டுவந்தனர்.
நாகம் அல்ல. சுருட்டை.
மூன்றாம் நாள் சிறுநீர் நின்றது.

நாகம் அல்ல.
இவ்வளவு தெளிவாகச் சொன்ன மனிசனை
முதற்சொல்லோடு வாசலில் மறித்திருக்கிறது பெட்டி.
அல்ல என்பது அதன் காதில் விழாது.
மறிக்கச் சொன்னது நான்.

அச்செடுத்ததை அட்டென்டன் வந்து கொண்டுபோனார்.
வாகீசனிடமிருந்து "ஓகே" என்று ஒரு மெசேஜ்.
தோட்டக்காரருக்கு என்ன நடந்தது என்று
நூலகத்துக்கு யாரும் சொல்வதில்லை.

பூட்டுவதற்கு முன் என் மின்னஞ்சலைத் திறந்தேன்.
போன மாரியில் நானே எழுதிவைத்த கட்டளை:
அனுப்புவது அண்ணன் அண்ட்
கடிதத்தில் காணி என்ற சொல்
என்றால் குப்பை.
கோண்டாவிலில் இரண்டு பரப்பு, அதற்காக.
குப்பை முப்பது நாள் வைத்திருக்கும்.
பிறகு அதுவும் இல்லை.

இரண்டு கிடந்தன.
முதலாவது காணியேதான்,
வேலி, சேவையர், கதியால், குழிக்கணக்கு.

இரண்டாவதன் தலைப்பு
"இது காணிக் கதையில்லை, தங்கச்சி."

வாசலில் காவலாளி
திறப்புக் கோர்வையைக் கிலுக்குகிறார்.